மரத்தடிக்குப் போகும் கதவு

பருந்து என்று நாங்கள் கூப்பிடுகிறவளைப் பற்றி நான்தான் சொல்லியாக வேண்டும். நான் சொல்லாவிட்டால் பங்காளி சொல்லிவிடுவான், அவன் வாயால் சொன்னால் அவள் ராட்சசியாகிவிடுவாள். அவள் ராட்சசி இல்லை என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை. ஆனால் நல்லபடியாக இருந்தவளை ராட்சசியாக்கிய மகராசன் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலி. எங்கள் வேலையைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். கணினித் திரையில் ஒரு படம் வரும். அதில் இருக்கிற ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு பெட்டி வரைந்து, அதற்குப் பெயர் போட வேண்டும். ஆள், நாய், கம்பம், மரம். நாய்க்கும் கம்பத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஏதோ ஒரு இயந்திரத்துக்கு நாங்கள் ஒரு கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுக்கிறோம். கொஞ்ச நாளாக எங்களுக்கு வருவது பறவைப் படங்கள். வானத்தில் சாமான் தூக்கிக்கொண்டு பறக்கிற இயந்திரம் பறவைமேல் மோதாமல் இருக்க வேண்டுமாம். அதனால் காலையிலிருந்து சாயங்காலம்வரை வானம், கிளை, இலை, சிறகு. நாள் முழுக்கக் காட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம், காற்று மட்டும் வராது.

அவளுக்குப் பருந்து என்று பேர் வந்தது கண்ணால். அவளுடைய அப்பா தையல்காரர். சின்ன வயதில் அவருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்து வளர்ந்த கண் அது. நாங்கள் ‘இதில் ஒன்றுமில்லை’ என்று தள்ளிவிட்ட படத்தில், மூலையில், இலைக்குள் இலையாக உட்கார்ந்திருக்கிற ஒரு சிட்டைப் பிடித்துப் பெட்டிக்குள் போட்டுவிடுவாள். அவள் புருஷன் நகரப் பேருந்து ஓட்டுகிறார். ‘என் பொண்டாட்டி இருக்கிற வீட்டில் நான் ஒரு சில்லறைக் காசைக்கூட ஒளித்து வைக்க முடியாது’ என்று எல்லாரிடமும் பெருமையாகக் குறைப்பட்டுக்கொள்வார். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை, யாரிடமும் தலை குனிந்ததும் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு நடந்ததெல்லாம் இதனால்தான்.

அவளுக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் இருந்தவன் பங்காளி. சாப்பாட்டு டப்பாவிலிருந்து நல்ல மெத்தை வைத்த நாற்காலிவரை எல்லாவற்றிலும் அவளோடு பங்கு போட்டுக்கொள்வான், அதனால் அந்தப் பேர். எங்களைவிடச் சின்னவன். என்னை அக்கா என்பான், அவளைப் பருந்தக்கா என்பான். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன் என்று நினைத்திருந்தோம். நினைத்த எங்களை எதால் அடிக்கலாம் என்று இப்போது நானே யோசிக்கிறேன்.

ஒரு கட்டத்தில் அவளுக்குக் கண் எரிய ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் இமைக்குள் மணல் கொட்டிய மாதிரி இருக்கிறது என்றாள். கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, திரையை முறைத்து முறைத்து நீங்கள் இமைக்கவே மறந்துவிட்டீர்கள், கருவிழி காய்ந்து கீறல் விழுந்திருக்கிறது என்றார். சொட்டு மருந்து கொடுத்தார். மருந்து மட்டும் போதாது, வேலைக்கு நடுவில் எழுந்து வெளியே போக வேண்டும், பச்சையாக, தூரமாக, காற்றில் அசைகிற எதையாவது பார்க்க வேண்டும், அப்போதுதான் கண் தானாக இமைக்கும் என்று கண்டிப்பாகச் சொன்னார். இல்லாவிட்டால் கீறல் தழும்பாகும், தழும்பானால் பார்வை மங்கும், மங்கினது திரும்பி வராது. கண்ணை வைத்துப் பிழைக்கிறவளுக்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்?

எங்கள் கூடத்தின் பின்பக்கம் ஒரு கதவு உண்டு. பாதிக்குமேல் கண்ணாடி, அதில் பல வருஷத் தூசி. அதைத் துடைத்துப் பார்த்தவள் பருந்து, துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தட்டித் தட்டித் திறந்தவன் பங்காளி. வெளியே ஒருவருக்கும் வேண்டாத காலி மனை. நடுவில் குடை விரித்த ஒரு தூங்குமூஞ்சி மரம், அதைத் தாண்டி ஒரு குட்டை, குட்டைக்கும் அப்பால் ஒரு குன்று. அன்றிலிருந்து காலை இடைவேளைக்கும் மாலை இடைவேளைக்கும் நாங்கள் மூவரும் மரத்தடியில். முதல் நாள் ஒரு கொக்கு தலைக்குமேல் பறந்தது. மூன்று பேருடைய ஆள்காட்டி விரலும் தானாகத் தொடையில் பெட்டி போட்டன. ஒருவர் கையை ஒருவர் பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். கொக்கைப் பார்த்தால் கொக்காக மட்டும் பார்க்க எங்கள் விரலுக்கு ரொம்ப நாள் பிடித்தது. அது அடங்கிய பிறகுதான் கண்ணும் ஆறியது. பருந்தின் கண்ணில் சிவப்பு குறைந்தது, டாக்டரே மெச்சினார். பிறகு மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள்.

இந்த நேரத்தில்தான் பங்காளியைத் தளத் தலைவராகப் போட்டார்கள். கை தட்டினோம், இனிப்பு வாங்கித் தின்றோம். கண்ணாடித் தடுப்பு வைத்த தனி அறைக்குப் போனான். போன கொஞ்ச நாளில் பின்கதவில் புதுப் பூட்டு தொங்கியது. பாம்பு வருகிறதாம். அந்த மரத்தடியில் நாங்கள் பாம்பைப் பார்த்ததே இல்லை, பார்த்த ஒரே பாம்பு அவன்தான். உண்மை என்னவென்றால் எங்கள் கம்பெனியின் இன்னொரு கிளை அலுவலகத்தைவிட எங்கள் தளத்தில் பெட்டிகள் குறைவாக விழுந்தன, அதை ஏற்றிக் காட்டினால் அவனுக்கு இன்னும் ஒரு படி மேலே இடம் இருந்தது. வெளியே போக வேண்டுமானால் முன்வாசல் வழியாகப் போகலாம் என்றான். முன்வாசலில் சோதனை, வரிசை, பையைத் திற, கையைத் தூக்கு. வெயிலில் கால் வைக்கும்போது இடைவேளை முடிந்திருக்கும்.

பருந்து அவன் அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன், அதனால் எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒருத்தருக்குத் திறந்தால் எல்லாருக்கும் திறக்க வேண்டியிருக்கும் என்றான்.

“நீயும் நானும் சேந்து திறந்த கதவுடா அது,” என்றாள்.

“அப்ப நான் நாற்காலியில இருந்தேன், மேடம்.”

பருந்தக்கா என்ற வாய் மேடம் என்றது. அதையும் பொறுத்துக்கொண்டு அவள் கெஞ்சினாள். அப்பா செத்தபோதுகூட யார் தோளிலும் சாயாதவள், இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து, எனக்கு மட்டுமாவது சாவியைக் கொடு, இடைவேளைக்குப் பதில் சாப்பாட்டு நேரத்தில் போய்க்கொள்கிறேன், உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினாள். அவன் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னான். வெளியே வந்ததும் அவள் முகம் எனக்குப் பயமாக இருந்தது. கதவைப் பூட்டியதைக்கூட அவள் ஒருநாள் மன்னித்திருப்பாள், அந்தக் கெஞ்சலைத்தான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இத்தோடு விட்டானா? எங்களுக்கு இயற்கை வேண்டுமாம், அதனால் பசுமை அறை என்று ஒன்று கட்டினான். கூடத்தின் ஓரத்தில் ஒரு அறை, தரையில் பச்சைக் கம்பளம், சுவரில் பிளாஸ்டிக் கொடி, உட்காரப் பொதிமெத்தைகள். எதிர்ச் சுவர் முழுக்க ஒரு திரை. அதில் காடும் குளமும் ஓடும், பறவை கத்தும். பாதிப் படம் எங்கள் மரம்! அவனே கேமராக்காரனைக் கூட்டிக்கொண்டுபோய் எடுத்திருக்கிறான். மரத்தைப் பூட்டி வைத்துவிட்டு மரத்தின் படத்தைக் காட்டுகிற வயிற்றெரிச்சலை நான் எங்கே போய்ச் சொல்ல? இடைவேளையில் அங்கே போய் உட்கார்வது கட்டாயம். போனால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா? திரையில் பறவை வந்தது, மரத்தடியில் பாடுபட்டு அடக்கி வைத்த விரல் மறுபடியும் தொடையில் பெட்டி போட ஆரம்பித்தது. கூடம் முழுவதும் அப்படித்தான். வெட்கமாக இருந்தது, அதனால் எல்லாரும் உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்திருப்போம். நாற்காலியில் செய்கிற வேலையை மெத்தையில் செய்தோம், அவ்வளவுதான்.

பருந்தின் கண் மறுபடியும் கெட்டது. மகளின் சட்டைப் பொத்தான் அறுந்துபோய், ஒரு சாயங்காலம் ஊசியும் நூலுமாக உட்கார்ந்தாளாம். நூல் ஊசிக் காதுக்குப் பக்கத்தில் பக்கத்தில் போய்த் திரும்பியது. அவள் புருஷன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேடிக்கை ஒன்றும் பேசாமல் ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தாராம். மறுநாள் என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கறுவினாள்.

“அவன் கையை வச்சே அவனை மாட்டி விடறேன், பாரு,” என்றாள்.

சும்மா வாய்ச்சவடால் என்று நினைத்தேன். அவளோ பொறுமையாகக் காத்திருந்தாள். எங்கள் பெட்டிகளை விலை கொடுத்து வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள், வேலை செய்கிறவர்களுக்குத் திரையிலிருந்து ஓய்வு கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள் என்று பேச்சு அடிபட்டது. பங்காளிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பசுமை அறைக்கு இன்னும் நாலு பிளாஸ்டிக் கொடி வந்தது. பருந்து ஒவ்வொரு நாற்காலியாகப் போய்க் காதோடு ஒன்றுதான் சொன்னாள். அன்றைக்கு யாரும் கையை அமுக்கி உட்காராதீர்கள், நடிக்கவும் வேண்டாம், நடித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், கையை மடிமேல் வைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள், ஆடுகிறது ஆடட்டும்.

வந்தவர்கள் மூன்று பேர். அவர்களுக்குத் தலைமை ஒரு நரைத்த அம்மாள், அதிகம் பேசாதவர். எங்கள் முதலாளி முன்னால் நடக்க, பங்காளி பக்கத்தில் விளக்கிக்கொண்டே வந்தான். நாங்கள் மெத்தையில் உட்கார்ந்திருந்தோம். திரையில் குளம், குளத்துக்குமேல் ஒரு கூட்டம் கொக்கு. அத்தனை பேர் விரலும் மடியில் ஆடியது. குறுக்கே, கீழே, திருப்பி, மேலே. அந்த அம்மாள் பேச்சைப் பாதியில் நிறுத்திக் கையைக் காட்டினார், இது என்ன என்று கேட்டார்.

“வேலை பாக்கறோம் மேடம்,” என்றாள் பருந்து. “பெட்டி போடறோம். திரையில பறவை வந்தா எங்க கை நிக்காது. இங்க எங்களுக்கு ஓய்வுன்னு சொல்லியிருப்பாங்க.”

முதலாளி பங்காளியைப் பார்த்தார். பங்காளி சிரித்துக்கொண்டே, இவர்கள் நடிக்கிறார்கள், யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றான். பருந்து எழுந்து தன் மெத்தையைக் காலி செய்தாள்.

“அப்ப நீங்களே உக்காந்து பாத்துச் சொல்லுங்க சார். உங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையே.”

மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்? உட்கார்ந்தான். கையை அழகாக மடிமேல் வைத்துக்கொண்டான். அந்த அறையைக் கட்டினவனே ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்ததில்லை, இது பருந்துக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் அவன் பக்கத்து நாற்காலியில் இருந்தவளுக்கு அவன் விரலும் தெரியும். அவன் அந்த நரைத்த அம்மாளின் முகத்தைப் பார்த்து, இங்கே உட்கார்ந்தால் மனசு எப்படி லேசாகிறது என்று பேச ஆரம்பித்தான். கண் ஒரு கணம் திரைக்குப் போனது. ஒரு கொக்கு கிளையை விட்டு எழும்பியது. அவன் வாய் மனசு லேசாவதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது, விரல் தொடையில் ஒரு பெட்டி போட்டது. பிறகு இன்னொன்று. அம்மாள் குனிந்து அந்தக் கையையே பார்த்தார். அவரைப் பார்த்து அவனும் குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு நடந்தது எல்லாம் சீக்கிரம் நடந்தது. வாங்குகிறவர்கள் முறைத்துக்கொண்டால் எங்கள் முதலாளி எதையும் தாமதிக்க மாட்டார். பசுமை அறையில் பழைய நாற்காலிகளை அடுக்கினார்கள். பின்கதவு திறக்கப்பட்டது. படங்கள் வெளியே போய்விடக் கூடாது, வெளி ஆள் உள்ளே வந்துவிடவும் கூடாது என்று, இரண்டு பக்கமும் சாவி நுழைகிற பூட்டாக மாற்றி, ஒரு ஏற்பாடு செய்தார்கள். இடைவேளையில் ஒருவர் திறந்து எல்லாரையும் வெளியே விட்டு, பூட்டிக்கொண்டு, முடிந்ததும் திரும்ப உள்ளே விட வேண்டும். சாவி பருந்திடம். முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக் கொடுத்தார். பங்காளியைத் தலைமையிலிருந்து இறக்கி மறுபடியும் நாற்காலிக்கே அனுப்பிவிட்டார்கள், கழிவறைக்குப் பக்கத்து மூலையில்.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. பருந்துக்கு அப்போதுதான் ஆரம்பமே.

அவன் எங்களோடு சேர்ந்து நடக்க வெட்கப்பட்டுக் கடைசியாக வருவான். பருந்து பேருந்து நடத்துனர் மாதிரி கதவருகே நின்று எல்லாரையும் ஏற்றி, அதாவது வெளியே அனுப்பி, அவன் நாலு அடி தூரத்தில் வரும்போது கதவைச் சாத்திப் பூட்டுவாள். முதல் நாள் தெரியாமல் பூட்டிவிட்டாள் என்று நினைத்துத் தட்டினான். அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, பாம்பு வருதுப்பா, உனக்குத்தான் பயமாச்சே என்றாள். நாங்கள் எல்லாரும் கைகொட்டிச் சிரித்தோம். இரண்டாம் நாளும் சிரித்தோம். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை, அவள் மட்டும் பூட்டிக்கொண்டே இருந்தாள். அவன் புகார் சொல்லியிருக்கலாம். கதவைப் பூட்டினவனே கதவு பூட்டியிருக்கிறது என்று புகார் கொண்டுபோனால் முன்வாசல் காவலாளிகூடச் சிரிப்பான். அதனால் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பான். ரொம்ப நாள் கழித்துப் பெட்டி போடுகிறவன், வேகம் இல்லை, ஈடுகட்ட இமைக்காமல் உட்கார்ந்திருப்பான். அவன் கண்ணும் சிவக்க ஆரம்பித்தது. நின்ற இடத்தில் கசக்குவான்.

அதைப் பார்ப்பதற்கென்றே பருந்து மரத்தடியில் இடம் மாறி உட்கார்ந்தாள். முன்பு குன்றைப் பார்த்து உட்காருவாள். இப்போது மரத்தின் இந்தப் பக்கம், கதவுக்கு நேராக ஒரு கல்லை உருட்டிப் போட்டு, அதன்மேல். தலைக்குமேல் கிளையெல்லாம் காற்றில் அசையும், குட்டைப் பக்கம் கொக்கு இறங்கும், எங்களில் யாராவது அதோ பார் என்போம். அவள் திரும்ப மாட்டாள். கதவுக் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். இன்றைக்குக் கசக்குகிறான், இன்றைக்குச் சுவரில் சாய்ந்துவிட்டான் என்று எனக்கு வர்ணனை வேறு.

எனக்குப் பொறுக்கவில்லை. செய்தது போதும், அவனும் மனுஷன்தானே, கண் எல்லாருக்கும் கண்தானே என்று தினமும் அவளுக்கு ஓதினேன். பக்கத்து நாற்காலிக்காரி என்கிற உரிமையில் கொஞ்சம் கடுமையாகவே ஓதினேன். நீ பெரிய தர்மவதியா, உன் வேலையைப் பார் என்பாள். மனசுக்குள் எனக்கு நான் பெரிய தர்மவதிதான் என்று ஒரு நினைப்பு இருந்தது.

போன வாரம் அவளுக்கு டாக்டரிடம் போகிற முறை. புருஷனுக்கு அன்று பேருந்து ஓட்டுகிற வேலை இருந்ததால் நான் துணைக்குப் போனேன். ஆறியிருக்கும் என்று அவள் தைரியமாக இருந்தாள், மருந்து தவறவில்லை, வெளியே போவதும் தவறவில்லை. டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். தள்ளி உட்கார்ந்து யோசித்தார், மறுபடியும் பார்த்தார். கீறல் குறையவில்லை, வலது கண்ணில் ஓரமாகத் தழும்பு கட்ட ஆரம்பித்துவிட்டது என்றார். அவருக்கே கோபம் வந்துவிட்டது.

“வெளிய போகச் சொன்னேனே, போறதில்லையா?”

“தினமும் போறேன் டாக்டர். ரெண்டு வேளையும்.”

“போயி என்ன பாக்கறீங்க?”

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு பொய்யை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வரவில்லை.

“ஒருத்தனை,” என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. இமைக்காமல் பார்ப்பதற்குத் திரைதான் வேண்டும் என்று இல்லையே. அவனைப் பூட்டி வைத்துவிட்டு, அந்தக் கண்ணாடியை முறைத்தே இவள் கண்ணைப் பொசுக்கிக்கொண்டிருக்கிறாள். திரும்பி வரும் வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். போகிற கண் அவனுடையது இல்லையடி, உன்னுடையது என்று நடுத்தெருவில் கத்தினேன். அவளோ வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்ப்பாள், பிறகு இடதைப் பொத்திக்கொண்டு வலதால் பார்ப்பாள். இப்படியே கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தாள்.

நேற்றுக் காலை இடைவேளை. எல்லாரையும் வெளியே விட்டாள். வழக்கம்போல அவன் நாலு அடி தூரத்தில் வரும்போது பூட்டினாள். பூட்டிவிட்டுக் கல் கிடக்கிற பக்கம் போகாமல், மரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். குன்றைப் பார்த்து, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் பின்னாலேயே போனேன். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் மடியில் போட்டாள்.

“இனிமே நீ வச்சுக்கோ. திறக்கறதுன்னா திற, எனக்கு ஒண்ணும் இல்ல. நான் திரும்பிப் பாக்க மாட்டேன். ஆனா என் கையால திறக்க மாட்டேன்டி. செத்தாலும் மாட்டேன்.”

அப்பாடா என்று இருந்தது எனக்கு. இத்தனை நாள் ஓதினதற்குப் பலன் கிடைத்துவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தேன். பாதி வழியில் என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது. பாவம், இளைத்துப் போயிருக்கிறான், முதலில் அவனைக் குட்டைப் பக்கம் கொஞ்ச நேரம் தனியாக விட வேண்டும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

என் கையில் சாவியைப் பார்த்ததும் அவன் நிமிர்ந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். நான் சாவியைப் பூட்டுக்குள் நுழைத்தேன். அவன் விரல் முட்டியால் கண்ணாடியில் தட்டிக் கூடத்துக் கடிகாரத்தைக் காட்டினான். தலைவராக இருந்தபோது அந்தத் தனி அறையின் கண்ணாடித் தடுப்பில் தட்டி எங்களை விரட்டுவான், அதே தட்டு.

“சீக்கிரம் திறங்க,” என்றான். “நேரம் ஆகுதில்ல?”

அக்கா இல்லை. தயவு இல்லை. திருப்ப வேண்டியதுதான் பாக்கி, மணிக்கட்டு நகரவில்லை. உண்மையில் அவனுக்குத் திறக்க வேண்டும் என்று ஒரு நாளாவது எனக்கு ஆசை இருந்ததா என்று அந்த இடத்தில் நின்று என்னையே கேட்டேன். பருந்து பூட்டிக்கொண்டிருந்தவரை என்னால் நல்லவளாக இருக்க முடிந்தது, அவ்வளவுதான். சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். அவன் வாய் திறந்தபடி நின்றான். நான் அவன் முகத்தை முழுசாக, நிதானமாக, ஆசை தீரப் பார்த்தேன். ஒரு தடவைதான். பிறகு திரும்பி நடந்து மரத்தின் அந்தப் பக்கம் போய், பருந்துக்குப் பக்கத்தில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

“திறந்தியா?” என்றாள். தலையைத் திருப்பவில்லை.

“பூட்டு மக்கர் பண்ணுதுடி.”

அவள் குன்றைப் பார்த்தபடியே சிரித்தாள். இமை படபடவென்று அடித்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. பின்னால் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.